மெல்வினியா: ஒரு குடும்பத்தின் வேரைத் தேடி

(பத்தாம் வகுப்பு மாணவி)

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. தேடிப் போனால் பெரிய ஆறு ஒரு சின்ன ஊற்றாகத் தெரியும். அதன் மேல் வைத்திருந்த மதிப்பும் குறைந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மூலத்தைத் தேடிச் சென்றதனால் மதிப்பு குறையாமல் பெருகிய குடும்பமும் உலகில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றை, பழைய ஏடுகளின் துணைகொண்டு எப்படித் தேடினார்கள் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் படித்து அறிந்தோம். அதை நம் பள்ளித் தோழியருக்கும், அருட்சகோதரியருக்கும், பெற்றோருக்கும் இங்கே எழுதுகிறோம்.

யாருடைய குடும்பம்?

2009ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்தவர் பராக் ஒபாமா. அவருடைய மனைவி மிஷேல் ஒபாமா 1964ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தவர். சட்டம் படித்து வழக்கறிஞரானவர். அமெரிக்கத் தலைவர்கள் வாழும் வெள்ளை மாளிகையில் இல்லத்தரசியாக வாழ்ந்த முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

அவருடைய முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள் என்பது பொதுவாகத் தெரிந்த செய்திதான். ஆனால் யார் அவர்கள்? என்ன பெயர்? எந்த ஊர்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் மேகன் ஸ்மோலென்யாக் என்னும் வம்சாவளி ஆராய்ச்சியாளர். அவருடைய ஆராய்ச்சியை ஒட்டி நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2009ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. அந்த நாளிதழைச் சேர்ந்த ரேச்சல் சுவார்ன்ஸ் என்ற பெண்மணி மேலும் ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார்.

பின்னோக்கி நடக்க வேண்டும்

வம்சாவளி தேடுவோர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதாகும். "எங்கள் முன்னோர் ஓர் அரசர்" என்று மேலே தொடங்கிக் கீழே இறங்கி வரக் கூடாது. அப்படி வந்தால் நாம் விரும்பும் இடத்திற்கே வந்து சேர்வோம். இன்று உயிரோடு இருப்பவரிடம் தொடங்கி, ஒவ்வொரு படியாகப் பின்னால் செல்ல வேண்டும்.

இரண்டாம் விதி, ஒரு சான்றை மட்டும் நம்பக் கூடாது என்பது. பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, இறப்புச் சான்று, பத்தாண்டுகளுக்கு ஒரு முறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கு, உயில், நிலப் பத்திரம், செய்தித்தாளில் வந்த மரண அறிவிப்பு, கல்லறை எழுத்து என்று பல ஏடுகள் உண்டு. நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் சொல்லை மற்றொரு சாட்சியின் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போல, இவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்விதிகளின்படி மிஷேலின் தாய்வழியில் நாமும் நடந்து பார்ப்போம். மிஷேலின் தாய் மேரியன் ஷீல்ட்ஸ் (1937–2024). மேரியனின் தந்தை பர்னெல் ஷீல்ட்ஸ். அவர் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரை விட்டுச் சிகாகோவிற்கு வந்தவர். 1910க்கும் 1970க்கும் இடையில் தென் மாநிலங்களின் இனக்கொடுமை தாளாமலும், வேலை தேடியும், ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் இவ்வாறு இடம்பெயர்ந்தார்கள். பர்னெலின் தந்தை ராபர்ட் லீ ஷீல்ட்ஸ். ரயில்வேயில் போர்ட்டராக வேலை பார்த்த அவர், முப்பத்திரண்டு வயதளவில் எல்லா ஏடுகளிலிருந்தும் மறைந்துவிடுகிறார். ராபர்ட்டின் தந்தை டால்ஃபஸ் ஷீல்ட்ஸ். டால்ஃபஸைப் பெற்ற தாய்தான் மெல்வினியா.

நம் வீட்டு முறைப்படி சொன்னால் பர்னெல் தாத்தா, ராபர்ட் கொள்ளுத்தாத்தா, டால்ஃபஸ் எள்ளுத்தாத்தா. அதோடு நம்மில் பலருக்கு உறவுப்பெயரே தீர்ந்துவிடுகிறது! அந்த எள்ளுத்தாத்தாவின் அம்மாவைத்தான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

இங்கே கணக்குப் பாடத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பெற்றோர் 2 பேர், அவர்களுடைய பெற்றோர் 4 பேர், அதற்கு மேலே 8, பிறகு 16, பிறகு 32. மெல்வினியா அந்த ஐந்தாம் படியில் உள்ள 32 பேரில் ஒருவர். அவர்களில் 16 பேர் பெண்கள். ஒரு பெண்ணின் வேரைத் தேடுவது என்றால் எத்தனை தாய்மார்களைத் தேட வேண்டியிருக்கிறது பாருங்கள்!

1870 என்னும் சுவர்

அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுகளுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படுகிறது. தனி மனிதர் விவரம் அடங்கிய அந்தத் தாள்களை 72 ஆண்டுகள் வரை இரகசியமாக வைத்து, பிறகு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் திறக்கப்பட்டது. தேடுவோருக்கு இது பெரிய புதையல். ஆயினும் புதையலிலும் ஓட்டை உண்டு. 1890ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி, 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் பாழாகிவிட்டது.

ஆனால் கறுப்பினக் குடும்பங்களைத் தேடுவோர் இதைவிடப் பெரிய தடை ஒன்றைச் சந்திக்கிறார்கள். 1865இல் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின் எடுத்த 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான் விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் முதன்முதலாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். அதற்கு முந்திய 1850, 1860ஆம் ஆண்டுகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் எசமானரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்பவை வரிசையாக இருக்கும். அடிமையின் பெயர் மட்டும் இராது. ஆடு மாடுகளை எண்ணுவது போல எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே 1870ஐ ஒரு சுவர் என்றே ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தச் சுவர் வரைக்கும் மெல்வினியா தெரிகிறார். ஜார்ஜியா மாநிலத்தில் பண்ணைக் கூலியாக, நான்கு குழந்தைகளின் தாயாக 1870ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் பெயர் இருக்கிறது. அவருக்கு அப்போது ஏறக்குறைய 26 வயது. அதற்கு முன் அவர் எங்கே இருந்தார்?

உயிலில் ஒரு பெயர்

அடிமைகளைப் பற்றிய ஏடுகள் அடிமைகளிடம் இருக்கவில்லை. எசமானர் வீட்டுப் பெட்டிகளிலும் நீதிமன்ற அலமாரிகளிலும் இருந்தன. எழுதப் படிக்கக் கற்பதையே பல தென் மாநிலங்கள் அடிமைகளுக்குச் சட்டத்தால் தடுத்திருந்தன. எனவே சுவரைத் தாண்ட வேண்டுமானால் எசமானரின் குடும்பத்தையும் தேடிப் படிக்க வேண்டும்.

மெல்வினியாவின் குடும்பப்பெயர் ஷீல்ட்ஸ். அது ஜார்ஜியாவில் அவரை வைத்திருந்த ஹென்றி ஷீல்ட்ஸ் என்ற வெள்ளையரின் பெயர். அந்த ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடியிருந்தால் மேலே போக வழி கிடைத்திராது. ஹென்றியின் மனைவி கிறிஸ்டியான் யாருடைய மகள் என்று பார்க்க வேண்டியிருந்தது. அவர் தென் கரோலினா மாநிலத்தில் இருந்த டேவிட் பேட்டர்சன் என்ற செல்வரின் மகள். மகளின் பிறந்த வீட்டுப் பெயர் தெரிந்த பிறகுதான் தந்தையின் உயிலுக்கு வழி திறந்தது.

பேட்டர்சன் 1850இல் தம் சொத்துக்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்து உயில் எழுதினார். இராட்டைகள், புல்லறுக்கும் அரிவாள்கள், மேசை விரிப்புகள், மாடுகள் என்று வரும் பட்டியலில், மெல்வினியா என்ற கறுப்பினச் சிறுமியும் ஒரு பொருளாக எழுதப்பட்டிருந்தாள். அவளுக்கு அப்போது வயது 6. 1852இல் பேட்டர்சன் இறந்த பின் சொத்துக்களை மதிப்பிட்டார்கள். மெல்வினியாவுக்கு இடப்பட்ட விலை 475 டாலர். எட்டு வயதுக் குழந்தை, தான் அறிந்த மனிதர்களை எல்லாம் விட்டுப் பிரிந்து ஜார்ஜியாவிற்கு அனுப்பப்பட்டாள். 21 அடிமைகள் இருந்த இடத்திலிருந்து, மூன்றே அடிமைகள் இருந்த 200 ஏக்கர்ப் பண்ணைக்குப் போனாள்.

நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் தங்கைகளின் வயது எட்டு. இதைப் படித்தபோது அவர்களைத்தான் நினைத்துக்கொண்டோம்.

தாயும் பிள்ளைகளும்

ஏறத்தாழ 1859ஆம் ஆண்டு மெல்வினியாவுக்கு டால்ஃபஸ் பிறந்தார். தாய்க்கு அப்போது 15 வயதிருக்கலாம். குழந்தையின் தந்தை ஒரு வெள்ளையர். மறுத்துச் சொல்லும் உரிமையை எந்தச் சட்டமும் அந்தச் சிறுமிக்குத் தரவில்லை. 1662ஆம் ஆண்டிலேயே வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்திருந்தது. குழந்தை அடிமையா சுதந்திரரா என்பதைத் தாயின் நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது அச்சட்டம். மற்ற அடிமை மாநிலங்களும் அதையே பின்பற்றின. பல இடங்களில் பிள்ளைக்குத் தந்தை பெயரைச் சொல்லும் வழக்கம் இருக்க, இங்கே தாய்வழியைப் பிடித்துக்கொண்டார்கள். தாய்க்கு மரியாதை தருவதற்காக அல்ல. பிறக்கும் குழந்தையும் எசமானருக்கே சொத்தாக வேண்டும் என்பதற்காக!

விடுதலை கிடைத்த பின்பும் மெல்வினியா சில காலம் அங்கேயே இருந்தார். கையில் காசில்லை, படிப்பில்லை, நிலமில்லை, எங்கே போவது? ஆனால் தம் முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ அவர் அந்த இடத்தை விட்டு வெளியேறினார் என்பதைப் பிற்காலக் கணக்கேடுகள் காட்டுகின்றன. வடக்கு ஜார்ஜியாவில் பார்ட்டோ என்ற மாவட்டத்தில், மரையா ஈஸ்லி, போலஸ் ஈஸ்லி என்பவர்களோடு அவர் குடியேறினார். இவர்கள் யார் தெரியுமா? பேட்டர்சனின் பண்ணையில் மெல்வினியாவின் குழந்தைப் பருவத்தில் உடனிருந்த அடிமைகள்! எட்டு வயதில் பிரித்து அனுப்பப்பட்ட பெண், பல ஆண்டுகள் கழித்துத் தன் மனிதர்களைத் தேடிக் கண்டு சேர்ந்துகொண்டாள். அது மட்டுமா? மெல்வினியாவின் மகன் டால்ஃபஸ், ஈஸ்லி தம்பதியரின் மகள் ஆலிஸை மணந்துகொண்டார். ஆலிஸ்தான் மிஷேலின் எள்ளுப்பாட்டி.

கணக்கேட்டின் வரிகளில் கண்ணீரோ சிரிப்போ எழுதப்படுவதில்லை. பெயரும் வயதும் ஊரும்தான் இருக்கும். ஆனால் இரண்டு ஏடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு பெண் தன் உறவை எவ்வளவு பாடுபட்டுத் தேடியிருப்பாள் என்று நமக்கே விளங்கிவிடுகிறது.

டால்ஃபஸ் எழுதப் படிக்கக் கற்றார். பர்மிங்ஹாம் நகரில் தச்சுத் தொழில் செய்து, சொந்தப் பட்டறை வைத்தார். தேவாலயங்கள் தோன்ற உறுதுணையாக இருந்தார். 1950ஆம் ஆண்டு 91 வயதில் இறந்தார். அந்நகரின் கறுப்பின மக்களது செய்தித்தாள் அவருடைய மரணத்தை முதல் பக்கத்தில் வெளியிட்டது. உயர்கல்வியிலும் ரயில் உணவுப் பெட்டிகளிலும் நிலவிய இனப் பாகுபாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் செய்தியும் அதே முதல் பக்கத்தில் வந்தது.

"தெரியாது"

மெல்வினியா 1938ஆம் ஆண்டு, தொண்ணூறு வயதைக் கடந்து காலமானார். அவருடைய இறப்புச் சான்றிதழ் இன்றும் இருக்கிறது. அதில் பெற்றோர் பெயர் எழுதுவதற்கு இடம் உண்டு. விவரம் தந்த உறவினர் அங்கே தந்த விடை "தெரியாது" என்பதே.

இறப்புச் சான்றிதழில் உள்ள விவரங்களை இறந்தவர் சொல்வதில்லை. துக்கத்தில் இருக்கும் வேறொருவர் சொல்கிறார். அவருக்குத் தெரிந்தது பதிவாகும், தெரியாதது மறைந்துவிடும். ஆகவே எந்த ஏட்டைப் படித்தாலும், "இதைச் சொன்னவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். இது மூன்றாம் விதி.

மெல்வினியாவுக்குத் தன் தாயின் பெயர் ஒருவேளை தெரிந்திருக்கலாம். அதை அவரிடம் கேட்டு எழுதி வைக்க யாரும் இல்லாமல் போயிருக்கலாம். ஏட்டில் எஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்.

விஞ்ஞானம் சொன்ன சாட்சி

டால்ஃபஸின் தந்தை யார் என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஏடு கைவிட்ட இடத்தில் விஞ்ஞானம் துணைக்கு வந்தது. டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது என்பதை நாம் அறிவோம். மெல்வினியாவின் வழிவந்தோரும், ஹென்றி ஷீல்ட்ஸின் வழிவந்த வெள்ளையரும் தங்கள் மரபுப் பொருளைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். இரண்டு குடும்பங்களும் இரத்த உறவினர் என்று முடிவு வந்தது. ஹென்றியின் மகன்களில் ஒருவரான சார்லஸ் ஷீல்ட்ஸே டால்ஃபஸின் தந்தையாக இருக்கக்கூடும் என்று 2012ஆம் ஆண்டு வெளிவந்த நூல் கூறுகிறது. விடுதலைக்குப் பின் மெல்வினியா கூலி வேலை செய்த நிலம், இந்தச் சார்லஸின் நிலத்தை அடுத்து இருந்தது என்பதைக் கணக்கேடும் காட்டுகிறது. அதே 2012இல் ஜார்ஜியாவில் ரெக்ஸ் என்ற ஊரில் மெல்வினியாவுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. கறுப்பினத்தாரும் வெள்ளையருமாக இரு பக்கத்து உறவினர்களும் அங்கே ஒன்றுகூடினார்கள்.

நமக்கு என்ன?

அமெரிக்காவில் நடந்ததைப் படித்து நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நம்மிடையேயும் இப்படிப்பட்ட ஏடுகள் உண்டு. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நவம்பர் 16ஆம் நாள் அடைந்தது. அதன் பின்னும் பல கப்பல்கள் சென்றன. ஒவ்வொரு கூலிக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். கரும்புத் தோட்டத்திற்கு ஆள் கணக்குப் பார்க்க எழுதிய அந்தப் பட்டியலைக் கொண்டே, இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் தம் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள்.

நம் பங்குக் கோவில்களிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் உள்ளன. திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் 1563இல், பங்குக் குருக்கள் ஞானஸ்நான, திருமண ஏடுகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டது. ஞானஸ்நான ஏட்டில் தந்தை பெயரோடு தாயின் பெயரும், ஞானப் பெற்றோரின் பெயர்களும் இருக்கும்.

தாயின் பெயரை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? நம் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரிலிருந்து வருவது. அம்மாவின் முன்னெழுத்து திருமணத்தோடு மாறிவிடுவதுண்டு. பாட்டியின் தாயாருடைய பெயரோ, பல வீடுகளில் "அப்பாயி", "ஆச்சி", "அம்மாச்சி" என்ற முறைப்பெயருக்குள் மறைந்தே போய்விடுகிறது. புனித மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்திலும் தலைமுறை அட்டவணை தந்தையர் பெயராகவே செல்கிறது. ஆயினும் அங்கே தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்ற நான்கு பெண்களையும், இறுதியில் மரியன்னையையும் குறிப்பிட அவர் மறக்கவில்லை. அந்த நால்வரும் துன்பத்தையோ பழிச்சொல்லையோ அறிந்தவர்கள் என்பதை நினைக்க வேண்டும்.

வம்சாவளி தேடுவது குலப்பெருமை பேசுவதற்காகவோ, பிறரைத் தாழ்வாக எண்ணுவதற்காகவோ அல்ல. அதற்காகத் தேடுவோர் தமக்குப் பிடித்த பெயர்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுவார்கள். மெல்வினியாவின் வழிவந்தோர் எதையும் மறைக்கவில்லை. 475 டாலர் என்ற விலையையும், "தெரியாது" என்ற சொல்லையும் உள்ளபடியே ஏற்றுக்கொண்டார்கள். அதனால் அவர்களுடைய மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

தோழியரே, நீங்களும் தொடங்கலாம். அதற்கு நாங்கள் கண்ட எளிய வழி இது:

1. வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள். ஏடு காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்.

2. ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, தாயின் பெயர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், எந்தப் புயலுக்கு முன், யாருடைய திருமணத்திற்குப் பின் என்று கேட்டு எழுதுங்கள்.

3. யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

4. பிறகு குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கம், திருமணப் பத்திரிகை, பழைய நிலப் பத்திரம், கோவில் பதிவேடு, கல்லறை எழுத்து இவற்றோடு ஒப்பிடுங்கள். கோவில் ஏட்டைப் பங்குத் தந்தையின் அனுமதி பெற்றுப் பெற்றோரோடு சென்று பாருங்கள்.

5. துன்பமான செய்தி ஏதேனும் வந்தால், சொல்பவரை வற்புறுத்தாதீர்கள். அவர் சொல்ல விரும்பும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவுரை

மெல்வினியாவுக்கு விலை எழுதியவர்கள், அந்த ஏட்டை யார் படிப்பார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை ஏட்டில் எழுதியதனால், ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து அவளுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் அவளைக் கண்டுகொண்டார்கள். அவளுடைய தாயின் பெயர் அந்த ஏடுகளில் இல்லாததால், அந்தத் தாயின் பெயரை இன்றும் யாராலும் சொல்ல முடியவில்லை.

வரும் விடுமுறையில் நம்மில் பலர் பாட்டி வீட்டிற்குச் செல்வோம். பாட்டியிடம் கதை கேட்போம், பலகாரம் கேட்போம். அதோடு கூட, "உங்க அம்மா பேரு என்ன பாட்டி? அவங்க அம்மா பேரு என்ன?" என்றும் கேட்போம். பாட்டி சொல்லச் சொல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளும் குறித்து எழுதி வைப்போம்.